தொண்ணூற்றொரு நாள் உண்டியல்

கோயில் உண்டியலில் போட்டால்
சத்தமாவது கேட்கும்.
இதில் ஒன்றுமில்லை.
கண்ணாடிக்கு அப்பால் திரை ஒருமுறை சிமிட்டியது,
எட்டு வருஷம் பொரித்த மிளகாய் வடை
அதற்குள் இறங்கிவிட்டது.

கருவூல உண்டியல் என்கிறது அகராதி.
வங்கியில் எல்லாரும் சொல்வது
போன் த்யு த்ரெசோர்.
முதலில் என் காதில் பொன் என்றே விழுந்தது.
பொன்னில்லை, மதாம் குப்பேன்,
கடன், என்றாள் மதாம் அப்பாசாமி.
யார் யாருக்கு?
நீங்கள், அரசாங்கத்துக்கு.

சிரித்துவிட்டேன்.
ரோஸ்ஹில் பஸ் நிலையத்தில் நாலு சக்கர வண்டி,
அதில் ஒன்று சுற்றாது.
நானா?

லட்சம் என்று எழுதிய உண்டியலுக்கு
லட்சம் தர வேண்டாமாம்.
கொஞ்சம் குறைத்துத் தந்தால்
நாள் வந்ததும் முழுசாக வரும்.
வட்டி மாசாமாசமா என்றேன்.
வட்டியே கிடையாது,
அந்தக் குறைவுதான் எல்லாம்.

எவ்வளவு குறைவு என்பது ஏலத்தில் தெரியும்.
பெரிய வங்கிகள் விலை கேட்கும்,
இன்சூரன்ஸ்காரர்கள் கேட்பார்கள்,
நான் வாய் திறக்க வேண்டாம்,
சராசரி எதுவோ அது எனக்கு.
மீன் ஏலம் முடிந்தபின்
கூடையோடு போய் நிற்பவளைப் போல.
வெள்ளிக்கிழமை சொன்னார்கள்:
தொண்ணூற்றொன்பதாயிரத்துப் பன்னிரண்டு.
காகிதம் கேட்டேன். இல்லை,
பதிவேட்டில் ஒரு வரி இருக்கிறதாம்.
அந்த வரியை நினைத்துக்கொண்டு
மூன்று ராத்திரி தூங்கவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள்
மூன்றாம் எச்சரிக்கை.
காற்று தகரத்தைக் கொண்டுபோய்
மருந்துக்கடை மாடியில் வைத்தது.
சட்டி சாக்கடையில்.

நடுவில் உடைக்கலாமா என்று போய் நின்றேன்.
உடைக்க இது மண் உண்டியல் இல்லை,
விற்கலாம், வாங்குகிறவர் சொல்வதே விலை,
என்று ஒரு தொகை எழுதிக் காட்டினாள்.
அதில் என் குறைவு பாதி கரைந்திருந்தது.
பேனாவைத் திருப்பித் தந்துவிட்டேன்.

பக்கத்தில் அன்னாசி விற்கும் மாரி-ஜோ
இந்த மாசத்துத் தன் முறையை எனக்கு விட்டாள்.
அவள் அதை சித் என்பாள், நான் சீட்டு.
ஏலமில்லை, சராசரியில்லை,
அழுத்தி வை தகரத்தை, என்றாள்,
அவ்வளவுதான் பத்திரம்.

காவடிக்கு ஊரே விரதம் இருக்க,
வடை நன்றாகப் போன பத்து நாள்.
அதில்தான் வந்தார் இன்ஸ்பெக்டர் ஜோஸ்லென்.
புதுத் தகரம் மஞ்சள் கோட்டை ஓரடி தாண்டியிருக்கிறதாம்.
ஐந்நூறு அபராதம்.
உங்கள் அரசாங்கம் எனக்கு லட்சம் தர வேண்டும் என்று
நாக்கு நுனி வரை வந்தது.
முனிசிபாலிட்டி வேறு, கருவூலம் வேறு.
கட்டினேன்.

தொண்ணூற்றொன்று.
மாவுக் கையோடு இருக்கும்போது போன் அதிர்ந்தது,
முழங்கையால் தட்டிப் பார்த்தேன்:
ஒரு லட்சம்.
தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் ஐந்நூறு போக
நானூற்று எண்பத்தெட்டு.
பருப்பு மூட்டைக்குக்கூடக் காணாது.
ஆனாலும் இரண்டு முறை எண்ணினேன்.

மறுபடி போடலாம், இந்த முறை குறைவு குறைவு,
தொண்ணூற்றொன்பதாயிரத்து நூற்று முப்பது, என்றாள் அப்பாசாமி.
ஏனாம்?
நிறையப் பேர் கொடுக்க வருகிறார்கள்,
அரசாங்கத்துக்கு அவசரமில்லை.
அது புரிந்தது.
சாயங்காலம் ஆறு மணிக்கு, பஸ் எல்லாம் போனபின்,
ஆறிய வடையை நான் என்ன விலைக்கு விற்பேன்?
அவசரக்காரிதான் அதிகம் தள்ளுவாள்.

போட்டேன்.

இன்று காலை ஜோஸ்லென்
பத்து ரூபாய்க்கு வடை வாங்கிக்கொண்டு
சட்டைப்பை, கால்சட்டைப்பை, மறுபடி சட்டைப்பை
தடவினார்.
அப்புறம் தரலாமா, மதாம் குப்பேன்?

தாராளமாக, என்றேன்,
எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல்.
எத்தனை நாள்?