ஆம்

ஈத்தவிளைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில்
குறுக்காகப் பதிந்திருக்கிறது கல்.
கதம்பையால் தேய்த்துக் கழுவி,
சாய்வெயிலுக்குக் காத்திருந்து
ஐந்து மணிக்கு வாசித்தேன்:
௲௪௰௬.
கொல்லம் ஆயிரத்து நாற்பத்தாறு.
எண்ணூற்று இருபத்தைந்தைக் கூட்டினால் 1871.

ஞானசிகாமணி சார் புத்தகத்தில்
பக்கம் அறுபத்தொன்றில் 1869.
அவருக்குக் கடைசி எழுத்து ச.
எனக்கு அது சு.
காலில் ஒரு சுழி உண்டு, பாசிக்கு அடியில்,
விரல் வைத்தால் தெரியும்.
இரண்டெழுத்து முன்னால்
அதே உளி வெட்டிய நான்கு, சுழி இல்லாமல்.

ரப்பர் சங்கத்தில் கணக்கு முடித்து வந்து
இரவு பதினொன்றுக்கு
கட்டுரையில் ஆண்டை மாற்றினேன்.
பதினொன்றே காலுக்கு
'பரளிக்கரை' பழையபடி வைத்தார்.
முகம் தெரியாது. ஒற்றுப்பிழை பொறுக்காதவர்.
"கல்லை நீங்கள் வாசித்தீர்கள்.
உங்களை யார் வாசிப்பது?
வாசித்து அச்சேற்றியவர் இருந்தால்
கொண்டுவாருங்கள்."

பாலத்தில் கல்லே நிற்கிறது,
இவருக்குப் புத்தகம் வேண்டுமாம்.

மறுநாள் படமெடுக்கப் போனேன்,
எழுத்துக்கு அருகே அடிஸ்கேலைச் சார்த்தி.
சானலில் துணி அலசிய லில்லிபாய் நிமிர்ந்தாள்.
"அந்தக் கல்லு இஞ்ச உள்ளதில்லே.
ரோடு அகலமாக்குன வருசம்
எங்கேயோ பொளிச்சதை எல்லாம்
லாரியில கொண்டு தட்டுனாவ.
எழுத்துள்ள பக்கம் வெளிய வந்துட்டு,
அவ்வளவுதான்."

அவள் சொன்னதற்குப் பக்க எண் இல்லை.

என் சு மெய்தான்.
எந்தப் பாலத்தின் சு என்று
கல் சொல்லவில்லை,
நானும் கேட்டிருக்கவில்லை.
சாரும் இதே கல்லைத்தான் பார்த்திருப்பார்,
ஏதோ மழைநாளில்,
கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து.

அன்றிரவு
உரையாடல் பக்கத்தில் லில்லிபாய் பேச்சை
அவள் பேசினபடியே எழுதிவைத்தேன்.
கட்டுரையில் 1869-ஐ விட்டுவிட்டு
கடைசிச் சொல்லை மட்டும் தொட்டேன்.
'கட்டப்பட்டது' என்றிருந்தது
'கட்டப்பட்டதாம்' ஆயிற்று.
பார்த்தவர் வாயில் வராத,
கேட்டவர் வாயில் தானாக ஒட்டிக்கொள்ளும்
அந்தச் சின்ன ஆம்.
அடிக்குறிப்பு எதுவும் கேட்காமல்
எத்தனை காலமாக வேலை பார்க்கிறது.

பதினொன்றே காலுக்கு அது போயிற்று.
"கலைக்களஞ்சிய நடையன்று."

பிறகு, நான் மூடப்போகும் நேரம்,
லில்லிபாய் பேச்சுக்குக் கீழே
கையொப்பமில்லாமல் ஒரு வரி:
"அப்படியென்றால் அந்தக் கல்
முன்பு எங்கே இருந்ததாம்?"