ஒரே பிரதி

கடற்பனியைப் பற்றிய அந்தப் புத்தகம்
எங்களிடம் ஒன்றே ஒன்று.
நான்காம் தளம், ஜன்னலோர அலமாரி,
முதுகில் ஒட்டிய எண் பாதி உரிந்தது.

பேராசிரியர் குவின்லனுக்கு நூற்றிருபது நாள் தவணை.
தொலைநிலை மாணவர்களுக்கு மூன்று வாரம்,
தபாலில் கழியும் நாட்கள் கணக்கில் சேராது.
விதியை நான் எழுதவில்லை.
அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில்
செருகியது மட்டும் நான்.

அக்டோபரில் ஹுல்டா இக்குசெக் கேட்டாள்,
லாப்ரடார் கரையின் வடகோடியிலிருந்து.
நீலக் கித்தான் பையில் போட்டு
திரும்பி வருவதற்கான முகவரியையும் ஒட்டி
அனுப்பிவைத்தேன்.
செயின்ட் ஜான்ஸிலிருந்து கூஸ் பே வரை ஒரு விமானம்.
அங்கிருந்து இன்னொன்று,
நம்புவதற்குக் கொஞ்சம் சிறியது.

நவம்பரில் குவின்லன் வந்தார்.
"புத்தகம் எங்கே?"
"வடக்கே."
"வடக்கே என்றால்?"
ஊர்ப் பெயரைச் சொன்னேன்.
முப்பது வருடமாகப் பனியைப் பற்றி எழுதுகிறவர்.
"போயிருக்கிறேன், ஒருமுறை," என்றார்,
"ஜூலையில்."
சீட்டில் 'அவசரம்' என்று எழுதி
மூன்று முறை அடிக்கோடிட்டார்.

நினைவூட்டல் அனுப்பினேன். பதில் வந்தது:
'இன்று விமானம் வராது.
நாளையும் வராது.
வராதென்று கூஸ் பேக்குச் சொன்னவளே நான்தான்.
ஓடுபாதையில் வானிலை பார்ப்பது என் வேலை.
கால் மைலுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.
அபராதம் உண்டா?'

அபராதக் கட்டத்தில் பூஜ்யம் தட்டினேன்.
காரணம் கேட்டது கணினி.
தொலைந்தது, சேதமானது, மற்றவை.
மூடுபனிக்கு அதில் இடமில்லை.
மற்றவை என்றேன்.

ஐந்தாம் அத்தியாயத்தையாவது
படமெடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.
இரவெல்லாம் அனுப்பினாள்.
பதினோரு பக்கம் வந்தது.
பன்னிரண்டாவதின் மேல்பாதியோடு
இணைப்பு அறுந்துபோனது.

டிசம்பர் ஒன்பது. பை வந்தது.
ஜிப்பைத் திறந்ததும் விறகுப் புகை
அலுவலகம் முழுக்கப் பரவ,
தும்மினாள் பக்கத்து மேசை டார்கஸ்.

திரும்பி வரும் புத்தகத்தில் பென்சில் இருந்தால்
அழிப்பது என் பொறுப்பு. ரப்பரை எடுத்தேன்.
பதினாறாம் பக்கத்தில் ஏதோ கூட்டல் கணக்கு,
அழித்தேன்.
எண்பத்தெட்டில் நின்றேன்.
'மெலிந்த பனியை இவர்கள் நடக்கும்போதே அறிகிறார்கள்'
என்ற வரியின் ஓரத்தில்
குவின்லனின் சாய்ந்த கையெழுத்து, பல வருடப் பழசு:
ஆதாரம் எங்கே?
அதற்குக் கீழே, பொடி எழுத்தில்:
'என் வீட்டு வாசலில். நிறம் பாருங்கள்.
தடியால் தட்டிக் கேளுங்கள்.
மார்ச்சில் வாருங்கள், ஜூலையில் அல்ல.'

அவர் ஜூலையில் போனது
இவளுக்கு யார் சொன்னது?
நான் சொல்லவில்லை.
சின்ன ஊர். வந்தவர்களை மறக்காது போலும்.

இன்னும் இருந்தன.
'உறைபனி விளிம்பு' என்று அச்சானதை
ஒரே கோட்டில் அடித்திருந்தாள்.
'சினா. எங்கள் சொல்.
உறைந்த கடல் முடிகிற இடம்.
தம்பியின் வண்டி இன்னும் அங்கே, அடியில்.'
தம்பியைப் பற்றி எதுவும் இல்லை.

ரப்பர் கையிலேயே இருந்தது,
மதிய உணவு மணி தாண்டியும்.
பிறகு மேசை இழுப்பறைக்குள் போட்டேன்.
புத்தகத்தைக் குவின்லன் பெயரிட்ட அடுக்கில்
வைத்துவிட்டு
காப்பி குடிக்கப் போனேன்.

நான்காம் நாள் அவரே கொண்டுவந்தார்,
நூற்றுப் பதினாறு நாள் மிச்சமிருக்க.
"இதை வடக்கே அனுப்பவேண்டும்."
"அந்த மாணவி கேட்கவில்லையே," என்றேன்.
"நான் கேட்கிறேன்."
எண்பத்தெட்டைப் புரட்டிப் பார்க்க ஆசை.
அவர் எதிரில் பார்க்கவில்லை.
போன பின்பு பார்த்தேன்.
அவள் வரிக்கு அடியில் ஒரே கேள்வி:
எந்த நிறம்?

நீலப் பையை எடுத்தேன்.
ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது.
டார்கஸிடம் மெழுகுவர்த்தித் துண்டு
இருக்கிறதா என்று கேட்டேன்.