ஒரு நூல் கூட

காளவாசல் சிக்னலில் வண்டி சறுக்கி
மணிக்கட்டு விட்டுப்போன அன்று எடுத்த எக்ஸ்ரே
பீரோ மேலே மூன்று வருஷம் கிடந்தது.
இன்று அதைக் கத்தரிக்கிறேன்.
அரை அங்குல அகலம், ஒரு அங்குல நீளம்.
வாலின் மடலுக்கு ஆறு துண்டு, சுக்கானுக்கு மூன்று.
கீல் வேண்டுமென்றால் பெங்களூரிலிருந்து வர வேண்டும்;
கூரியர் காசில் இன்னொரு வாலே செய்யலாம்.
பிலிம் போதும். ஆயிரம் தடவை மடித்தாலும் முறியாது.

முறிந்தது அதில் இருக்கிற எலும்புதான்.

பால்சா, கையில் வைத்ததைக் கை மறந்துவிடும் கட்டை.
ஆடிட்டர் ஆபீஸ் விட்டு வந்து
கூடல்நகர் மாடியில்
இரவு பதினொன்றுக்கு அதில் உப்புத்தாள் போட்டால்
கீழே பல்லைக் கடிக்கிற மாதிரிக் கேட்குமாம்.
சொல்ல வந்தவர் ஸ்டான்லி ஜெயசிங்,
கூட்ஸ் வண்டி கார்டு.
இப்போது மேனேஜர் என்று பெயர்; கொடி அதேதான்.
தண்ணீர் மோட்டார் விஷயத்தில்
ஆவணியிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை.

எழுந்து போக முடியவில்லை.
எபாக்ஸி கலந்தாயிற்று, இரண்டு கையும் வாலில்.
அரைமணி நேரத்தில் இறுகும் என்கிறது டப்பா.
டப்பா சித்திரை மாத மதுரையைப் பார்த்ததில்லை.
ஃபேன் போட்டால் மரப்பொடி பசையில் விழும்.
என் மூக்கு நுனியில் ஒரு சொட்டு
எந்தப் பக்கம் விழலாமென்று யோசிக்கிறது.

"திறந்துதான் இருக்கு.
வந்து இந்த நூலைப் பிடிங்க."

புடவைக்கு ஃபால் தைக்கிற நூல்.
ஒரு முனை இறக்கை நுனியில், மறுமுனை வால் நுனியில்.
இடப்பக்கம் எவ்வளவோ அவ்வளவு வலப்பக்கமும்.
இல்லாவிட்டால் அது ஆயுசு முழுக்க
ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் பறக்கும்,
நான் எதிர்ப்பக்கம் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

செருப்பை விட்டார். கைலியை மடித்துக் குந்தினார்.
"அங்கிட்டு ஒரு நூல் கூட."
"இல்லை, உங்க பக்கம் ஒரு நூல் குறைச்சல்."
மோட்டார் சண்டையிலும் இதையேதான்
இரண்டு வாயால் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பசை இழுக்கத் தொடங்கியது.
நுனியைத் தள்ளப் பார்த்தேன்;
என் கை அதற்கு மேல் திரும்பாது.
அவர் தள்ளினார், சுண்டுவிரலால்,
தூங்குகிற ஆளின் போர்வையைச் சரிசெய்கிற மாதிரி.
நூலில் வைத்த மைப்புள்ளி
இரண்டு நுனியிலும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

இறுகும்வரை இருவரும் விட முடியாது.
முட்டி வலியோடு அவர்தான் பேசினார்:
"வாலுன்னு லேசா நினைக்காதிய.
முப்பத்தொரு வருஷமா வால்லதான் என் வேலை.
எஞ்சின் வந்து என்ன?
கடைசிப் பெட்டியில எக்ஸ் குறியப் பாத்தாத்தான்
வண்டி முழுசா வந்துட்டுன்னு ஸ்டேஷன்ல நம்புவான்."

வாலைச் சுருட்டிக்கொண்டு உட்காரச் சொல்லியே
வளர்க்கப்பட்டவள் நான்.
ஒன்றும் சொல்லவில்லை.

மூலைமட்டம் வைத்து செங்குத்து வாலை நிறுத்தினோம்.
கம்பி மாட்டி, சர்வோ மாட்டி,
பேட்டரி கொடுத்தபோது மணி ஒன்று.
ஞாயிற்றுக்கிழமை கண்மாயில் விடப்போகிறேன் என்றேன்,
சொட்டுத் தண்ணி இல்லாமல் கிடக்கிறது.
தண்ணி என்றதும் இருவரும் சுவரைப் பார்த்தோம்.
"ஞாயித்துக்கிழமை எனக்கு திண்டுக்கல் வண்டி,"
செருப்பை மாட்டினார்.
படியில் பாதி இறங்கி நின்று,
"மோட்டார் கரண்டுக் காசு
நூத்தி எண்பது இன்னும் நிக்கி."

கதவைச் சாத்திவிட்டு
குச்சியை மெல்லப் பின்னால் இழுத்தேன்.
மடல் எழுந்தது.
மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே
மயிரிழை அகலத்தில்
சாம்பல் நிறமாய் என் எலும்பு,
என்னிடம் இருந்தபோது வளையாத அளவுக்கு
வளைந்து
மறுபடி நேராயிற்று.