பூச்சியம் தசம் பூச்சியம் ஆறு

புறாத்தீவுக்குப் படகோட்டும் யோகேந்திரம்
ஈரச் சாரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்.
"உயிர் கிடக்கோ பாருங்கோ தங்கச்சி."
உயிர் என்று என் மேசையில் எதுவும் இல்லை.
நாலு வோல்ட் இருக்கிறது,
ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர்,
பொய் சொல்லத் தெரியாத ஓர் அம்பியர் மானி.

கறுப்பைத் தரை என்கிறோம்,
ஒரு பிடி மண்ணும் இல்லாத தரை.
ஓடுகிறதெல்லாம் வேலை முடித்து
அங்கேதான் வந்து சேரவேண்டும்.
வேலை செய்யாமலே வந்து சேர்ந்தால்
அதற்குப் பெயர் சோட்.

வயரைக் கொடுத்தேன். மானியில் பூச்சியம்.
நல்லது, தொடுமுன்னே குடிக்கிற போன் இல்லை இது.

பொத்தானைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்.
அது எதையும் கொடுப்பதில்லை.
அந்தக் கோட்டில் ஒன்று தசம் எட்டு வோல்ட்
இரவும் பகலும் நின்றபடி நிற்கும்.
விரல் பட்டதும் தரையில் விழும்.
விழுவதுதான் கட்டளை.
அதைக் கேட்டுத்தான் பவர் ஐசி எழும்பி
ஒவ்வொரு வாசலாகத் திறந்துவிடும்.

அழுத்தினேன்.
பூச்சியம் தசம் பூச்சியம் ஆறு.
அதிலேயே நின்றது,
பாலத்தடியில் கடைசி பஸ்ஸுக்கு நிற்கும் ஆள்போல.

சுருள்களில் ஊசி வைத்துப் பார்த்தேன்.
ஒன்று தசம் எட்டு உண்டு. ஒன்று தசம் ஒன்று உண்டு.
கொள்ளளவிகள்
(பள்ளியில் அப்படித்தான் எழுதினோம்,
கடையில் கப்பாசிட்டர் என்றால்தான் பெட்டியைத் திறப்பார்கள்)
மணல் பருமனில், நிறைந்தபடி,
தன் பங்கு அலையை விழுங்கிக்கொண்டு.

பிறகு என்ன குறை?
துடிப்பு.
படிகத்தின் காலில் உப்புப் பூத்திருந்தது,
கடுகில் பாதி, பச்சை நிறம்.
செக்கனுக்கு மூன்று கோடியே எண்பத்து நாலு இலட்சம் தரம்
அது அதிரவேண்டும்.
அதிராவிட்டால் மூளை
முதல் வரியைக்கூட வாசிக்காது.

இந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு மான்,
கோட்டைப் பக்கத்து மான்.
ஏறி வந்து ஒரு வாரண்டி அட்டையைத் தின்னத் தொடங்கியது.
யோகேந்திரம் விரட்டப் போனார்.
"விடுங்கோ அண்ணை,
கடல்தண்ணிக்கு வாரண்டி இல்லை."

பிஸ்கட் டின்னுக்குள் செத்த போர்டுகள்.
ஒன்றைக் கிளறி எடுத்தேன்; கண்ணாடி நொறுங்கி வந்தது,
ஆள் திரும்பி வரவேயில்லை.
அதன் படிகத்தைச் சூட்டுக் காற்றில் கழற்றி
இதன் காலில் இறக்கினேன்.
ஈயம் உருகி, தானே இழுத்து, இடம் பிடித்தது.

மறுபடி விழுத்தினேன் அந்த ஒன்று தசம் எட்டை.
பூச்சியம் தசம் பூச்சியம் ஆறு.
பூச்சியம் தசம் பூச்சியம் ஆறு.
தசம் மூன்று!
இறங்கி, தசம் ஒன்பது, மறுபடி இறங்கி,
அலையில் ஏறும் படகின் அணியம்போல இலக்கங்கள்.
திரை வெளுத்தது.

கோலம் போட்டுத் திற என்று கேட்டது போன்.
யோகேந்திரம் அதை வாங்கி
வயர் நீளும் மட்டும் திரும்பி நின்று
எனக்கு முதுகு காட்டிப் போட்டார்.
நான் மானியைப் பார்த்தேன்.

தசம் நாலு. தசம் நாலு.
கொஞ்ச நேரம் தசம் ஏழு.

எதைத் திறந்தார் என்று தெரியாது.
எவ்வளவு குடித்தது என்று தெரியும்.