மூடு என்றால் மூன்று

ஊத்துக்கோட்டை இ-சேவை மையத்தில்
என் விரலை ஏழு முறை துடைத்துத் துடைத்து வைத்தார்கள்.
மெஷின் ஏற்கவில்லை.
நாளைக்கு எண்ணூறு கல் புரட்டும் விரலில்
ரேகை எங்கே தங்கும்.
"தேங்காயெண்ணெய் தேச்சிட்டு அடுத்த வாரம் வாம்மா"
என்றார் அந்த அக்கா, என் கண்ணைப் பார்க்காமல்.

ஆகவே ஆதாரில் இன்னமும்
முனிரத்னம் மேஸ்திரியின் நம்பர்தான்.
ஆறு வருடம் முன்பு எங்களுக்கு அவர் கொடுத்தவை இரண்டு:
நாற்பதாயிரம் முன்பணம்,
பாரத்தில் எழுத ஒரு போன் நம்பர்.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பிரிவு.
கடைசி நாள் வெள்ளி.
அன்று வெள்ளி.

சூளை சத்தியவேடு பக்கம்.
எங்கள் சிம்முக்கு ஏரிக்கரை மேல்,
வேப்பமரத்துக்கும் மதகுக்கும் நடுவில்
இரண்டு கோடு கிடைக்கும்.
ஓரடி தள்ளி நின்றால்
ஆந்திரப் பிரதேசம் நம்மை வரவேற்கும்,
பாரம் மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்விடும்.

மேஸ்திரி லோடு ஏற்றி நாகலாபுரம் போயிருந்தார்.
போன் ஷெட்டில், சார்ஜில்.
பூட்டைத் திறக்க அவர் மனைவி சுகுணம்மாவுக்கே தெரியாது.
ஆனால் செய்தி வந்தால்
திரையின் நெற்றியில் கொஞ்ச நேரம் மின்னும்,
அதைப் படிக்கிறேன் என்றாள்,
தெலுங்கில்தான் படிப்பேன் என்றாள்.

எண்ணுக்கு ஆயுள் தொண்ணூறு நொடி.
ஷெட்டுக்கும் கரைக்கும் நடுவே
ஈரக்கல் காயும் களம்.
குறுக்கே ஓடினால் கல் மிதிபடும்,
மிதிபட்டால் கூலியில் பிடிப்பார்கள்.

கல் கைமாற்றும் அதே வரிசையில்
பிள்ளைகள் களத்தைச் சுற்றி நின்றார்கள்.
முதலில் தேசம்மா, அடுத்து அவள் தம்பி,
நெல்லூர்க்காரப் பெண்கள் இரண்டு பேர்,
கரையடியில் நொண்டி எல்லப்பன்.
என் பக்கத்தில் கன்னியப்பன்,
மதகுக்கல் மேல் ஏறிப் போனை உயரத்தில் பிடித்தபடி.
போன மாதம்தான் பெரியபாளையத்திலிருந்து வந்தவன்.

நாலுகு!
குரல் குரலாக வந்து சேர்ந்தது. நான்கு. அழுத்தினேன்.
ஏடு!
அங்கே ஏழு, எங்கள் பக்கம் எழுதும் தாள்.
மூடு!
கன்னியப்பன் சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை.
போன் உறையைப் பட்டென்று மூடினான்.

திறந்து, விரிசல் விழுந்த திரையைத் தடவி எழுப்பியபோது
நேரம் முடிந்திருந்தது.

நான் கத்தவில்லை. கத்தியிருப்பேன்,
அவன் அழாமல் கேட்டான்:
"அப்ப மூடுறதுக்கு என்னான்னு சொல்லுவாங்க?"
கேள்வி வரிசையாகக் கீழே இறங்கியது,
பதில் வரிசையாக மேலே ஏறியது: முய்யி.
தூரத்தில் சுகுணம்மா சிரிப்பது
யாரும் கைமாற்றாமலே எனக்குக் கேட்டது.

மீண்டும் அனுப்பு.

ஆறு. இது மட்டும் இரண்டு பக்கமும் ஆறுதான்,
வற்றிக் கிடக்கும் ஆரணியாற்றைப் போல.
மூடு. என்னைப் பார்த்தான். தலையசைத்தேன்.
ஏடு.
மூடு. இந்த முறை அவனே கத்தினான்: "மூணு!"
ரெண்டு.
கடைசி எண் எல்லப்பனிடம் சிக்கிக்கொண்டது,
அவனுக்கு இருமல்.
இருமலோடு சேர்ந்து வந்தது: தொம்மிதி.

ஒரு வட்டம் சுற்றியது. இன்னும் சுற்றியது.
விண்ணப்பம் பெறப்பட்டது, என்றது தமிழில்.
கீழே சின்ன எழுத்தில்
சாதிச் சான்றைப் பிறகு இணைக்கவும், என்றது.
அது வேறு கதை,
அதற்கும் ஒரு எண் வரும்.

சாயங்காலம் மேஸ்திரி வந்து போனைப் பார்த்தார்.
"என்னமோ நம்பர் வந்திருக்கே?"
சுகுணம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல்,
"ஏதோ லோன் இஸ்தாரண்டா" என்றாள்.

யாருக்கோ கடன் கொடுக்கிறார்களாம்.
மேஸ்திரி சத்தமாகச் சிரித்தார்.
களத்தில் எல்லாரும் சிரித்தோம்,
கன்னியப்பனும்,
அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ.