கேள்வி பதினொன்று

பெரும்பாக்கம், ஐந்தாவது மாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
டேப்லெட்டில் சார்ஜ் நாற்பத்தொரு சதவீதம்.
கதவைத் திறந்தவள் யாஷினி,
ஒன்பதாம் வகுப்பு, முழங்கை வரை சோப்பு நுரை.
"அம்மா தூங்குது, நைட் டூட்டி.
மெல்லப் பேசுங்க."

கேள்வி பதினொன்று: குடும்பத் தலைவர் யார்?

"வீடு பெரியப்பா பேர்ல. அவரு செத்துட்டாரு."
இறந்தவரை எழுத முடியாது என்றேன்.
"ரேஷன் கார்டுல அம்மா.
அப்பா மாசத்துல ரெண்டு தபா வருவாரு.
வந்தா ரிமோட்டு அவரு கையில இருக்கும்.
அத வெச்சு சொல்லலாமா?"
அப்புறம் பார்க்கலாம் என்று தாண்டினேன்.
பதினொன்று மஞ்சளாய் நின்றது.

தாயின் கல்வி?
"எட்டாவது. ஆனா மாத்திரை அட்டையில
தேதி பாத்துத்தான் வாங்கும்,
கடைக்காரர ரெண்டு தபா திருப்பி அனுப்பியிருக்கு."
கட்டம் எட்டை மட்டும் எடுத்துக்கொண்டது.

குளிர்சாதனப் பெட்டி?
"இருக்கு." திறந்து காட்டினாள்.
ஓடாத ஃப்ரிட்ஜில்
மடிப்புக் கலையாத பள்ளிச் சீருடை இரண்டு செட்,
மேல்தட்டில் ஜியாமெட்ரி பாக்ஸ்.
'உண்டு' என்று அழுத்தினேன்.
அந்த வீட்டுக்கு வசதி ஒரு புள்ளி ஏறியது.

தம்பி நிதர்சனின் தடுப்பூசி அட்டை
பிளாஸ்டிக் கவரில், ரேஷன் கார்டோடு.
எல்லாத் தேதிக்கும் தூக்கிப் போனது இவள்தான்.
"மொதல்ல பெரியவங்க யாரும் இல்லியான்னு கேட்டாங்க.
மூணாவது தபா கேக்கல."
உன் அட்டை?
"ஆத்தோரம் இருந்தப்ப தண்ணி வந்துச்சுல்ல."
நைட்டியின் கையை ஏற்றி
இடது தோளைக் காட்டினாள்.
"தழும்பு இருக்கு. அத எழுதிக்குங்க."

கடைசியாகச் சம்மதப் படிவம்.
"ஊசி என் கைக்கு,
கையெழுத்து அம்மாவோடதா?"
பதினெட்டு வயது வரை
நீ தருவது சம்மதம் அல்ல, இசைவு என்றேன்.
வித்தியாசம் கேட்டாள்.
பயிற்சியில் அதைச் சொன்னபோது
சாப்பாட்டுப் பொட்டலம் வந்துவிட்டது,
எனக்கும் சரியாக நினைவில்லை.

"குடுங்க, நானே போடுறேன்.
ரேங்க் கார்டுல நாலு வருஷமா என் கையெழுத்துதான்.
அம்மா போட்டாத்தான் மிஸ் சந்தேகப்படும்."

ஒரு நாளைக்கு எட்டு வீடு கணக்கு.
ஆனாலும் காத்திருந்தேன்,
மாடிப்படியில், குடங்களுக்கு நடுவே.
இரண்டு மணிக்குக் கோட்டீஸ்வரி எழுந்து வந்தார்,
கழுத்தில் கழற்ற மறந்த கம்பெனி அட்டை.
ஒன்றே ஒன்று கேட்டார்:
"இத போட்டா பின்னாடி
இவளுக்குக் கொழந்த தங்காதுன்றாங்களே?"
நான் வாய் திறக்குமுன்
துண்டுத்தாளைப் பார்த்துக்கொண்டே யாஷினி,
"அப்படி இல்லம்மா. கர்ப்பப்பை வாயில
கேன்சர் வராம இருக்கத்தான். பின்பக்கம் போட்டிருக்கு."
அவர் என்னைப் பார்க்கவில்லை,
மகளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் சார்ஜ் ஒன்பது.
பதினொன்று இன்னும் மஞ்சள்.
'பிறர்' அழுத்தினேன். குறிப்பிடுக என்றது.
யாஷினி, வயது பதினான்கு.
சிவந்தது. வயது பிழை.
அழித்துவிட்டுத் 'தாய்' என்றேன்.
பச்சை.

மேலே குக்கர் விசிலடித்தது.
யாரோ ஓடிப்போய் அணைக்கும் சத்தம்,
வெறுங்கால், இலேசான எடை.

அடுத்த வீட்டில் பூட்டு.