விடுபட்ட ரி

செந்தூல் ரயில் பாலத்தருகே
மாமாக் கடையின் சுவரோர மேசையில்
வெள்ளி இரவு ஒன்பது மணிக்குக் கூடுகிறது
கோணல்கோட்டையின் நிழல் அமைச்சரவை.

ஆறு பாகங்கள் வந்துவிட்டன.
ஏழாவதுக்கு இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள்.
காத்திருப்பவர்களுக்கு வேறென்ன வேலை?
தும்மினால் எதிரே நிற்பவரைக் கத்தரிக்காயாக்கும் அரசனின்
மூக்கு உண்மையில் யாருடையது என்று ஒரு வாரம்.
தவணை முறையில் நெருப்புக் கக்கும் டிராகன்
கடைசித் தவணையைக் கட்டியதா என்று மறுவாரம்.

எங்கே தொடங்கினாலும் வந்து நிற்பது
மூன்றாம் பாகம், பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டில்.

'அரசன் சுவர்ப்பக்கம் திரும்பியதும்
மந்தி மெல்லச் சிரித்தார்.'

அந்த வரிக்கு மட்டும் மஞ்சள் கோடு போட்டிருக்கிறாள்
புஷ்பலீலா. சுங்கத்துறையில் வேலை.
பெட்டியைத் தூக்கும் தோளைப் பார்த்தே
உள்ளே இருப்பதைச் சொல்லிவிடுவாள்.
"குரங்குன்னா சிரித்ததுன்னுதானே வரணும்?
ஏன் சிரித்தார்?
மந்திரிதான் மந்தி."

இழுவை லாரி ஓட்டும் ஜெயசீலன்
ரொட்டியைக் குழம்பில் முக்கியபடி கேட்கிறான்:
"ஆறு பாகத்துல மந்திரி உட்கார்ந்ததா
ஒரு வரி காட்டு பார்ப்போம்.
உட்காரவே மாட்டாரு.
வால் இடிக்கும்."

ஒருமுறை புதிதாக வந்த கல்லூரிப் பையன்
"அச்சுப்பிழையா இருக்குமோ" என்றான்.
யாரும் திட்டவில்லை.
அவனுடைய தே தாரேக்குக்கும் சேர்த்துக் காசு கொடுத்தார்கள்.
மறுவாரம் அவன் வரவில்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்த மெய் ஃபோங்
அதுவரை பேசாமல் இருந்தவள்
போன மாதம் கரண்டியைக் கீழே வைத்தாள்.
"மந்தி பெண் குரங்குதானே?
ஆண் என்றால் கடுவன்."

மேசை அப்படியே நின்றுவிட்டது.
மின்விசிறி மட்டும் சுற்றியது.
அப்படியானால்
இரண்டாம் பாகத்தில் காணாமல் போன மகாராணி…

ஜெயசீலன் எழுந்து போய் முகம் கழுவி வந்தான்.

நான் மீலோ ஐஸை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் பாகத்துக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான்.
அந்தப் பக்கம் என்னிடம் வந்த மாலை
கோம்பாக் ஆறு கரையைத் தொட்டு ஓடியது.
அச்சகத்தின் பின்வாசலில் கணுக்கால் தண்ணீர்.
காகிதக் கட்டுகளை மேல்தட்டில் ஏற்றிவிட்டு
ஈரக் கையோடு கறிபாப்பைக் கடித்தபடி
அந்த வரியைத் தாண்டிப் போனேன்.
மந்திரியின் ரி அங்கே இல்லை.
நான் கவனிக்கவில்லை.
மகாராணியும் வாலும்
அந்தக் கறிபாப்பிலிருந்து வந்தவை.

சொல்லிவிடலாம் என்று
ஒவ்வொரு வெள்ளியும் கிளம்புகிறேன்.
எல்ஆர்டி தித்திவாங்சாவைத் தாண்டுவதற்குள்
அடுத்த வாரம் என்று ஆகிவிடுகிறது.
உண்மையில்,
அந்த ரியைத் திருப்பிக் கொடுத்தால்
மேசையில் எனக்கென்ன மிஞ்சும்?

போன செவ்வாய் வந்தது ஏழாம் பாகத்தின் கைப்பிரதி.
காஜாங்கிலிருந்து, பிஸ்கட் பெட்டியில்,
ரப்பர் வளையம் போட்டு.
நாற்பதாம் பக்கத்தில்
சபை நடுவே நின்றபடி
மந்திரி வாழைப்பழம் உரிக்கிறார்.
காலால்.

சிவப்புப் பேனாவை மூடித் திறந்து
மூடித் திறந்து
கடைசியில் ஆசிரியருக்குப் போன் போட்டேன்.
"சார், நாற்பதாம் பக்கம்.
காலால் என்பது சரிதானா? கையால் இல்லையே?"

அந்தப் பக்கம் தொலைக்காட்சி ஓடும் சத்தம்.
பிறகு அவர் கேட்டார்:
"ஏம்மா,
நீங்க மூணாம் பாகம் படிக்கலையா?"

இந்த வெள்ளி மழை.
மேசையை உள்ளே இழுத்துப் போட்டிருந்தார்கள்.
மகாராணியின் வால் எத்தனை முழம் என்று பேச்சு.
"நீ ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறியே" என்றான் ஜெயசீலன்.
எனக்கென்ன தெரியும் என்று சொல்லிவிட்டு
பணியாளரைக் கூப்பிட்டு
ரொட்டி பீசாங் ஒன்று கேட்டேன்.

புஷ்பலீலா திரும்பி
என் தோளைப் பார்த்தாள்.